பலகையோடு இரண்டு நாற்காலிகள்

ரோவெனா மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தாள். அப்போதும் மூன்று நாற்காலிகள்தான் இருந்தன.

"ஏழு பேரு டெல்ஃபின். ஏழு பேருக்கு மூணு நாற்காலி."

"பசங்க நின்னுக்கிட்டே சாப்பிடட்டுமே."

"பப்பா பாப்பாரே!"

பப்பா பார்ப்பார். பிரச்சினையே அதுதான்.

பப்பா என்பது ரோவெனாவின் அப்பா, டெல்ஃபினின் மாமனார் செவெரினோ. சொந்த ஊரான இலோய்லோவில் அரிசி மில் வைத்திருப்பவர். ஆகஸ்ட் மாதம் மகளும் மருமகனும் பேத்தியும் சிகாகோவுக்கு விமானம் ஏறியபோது, ஊரே கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அவர் மட்டும் டெல்ஃபினைத் தனியாக ஓரங்கட்டினார். "கிறிஸ்துமஸ் விருந்து அன்னிக்கு போன்ல பாப்பேன். என் பொண்ணு நல்லா இருக்கான்னு என் கண்ணுக்குத் தெரியணும். தெரியலேன்னா மூணு பேரும் மரியாதையா திரும்பி வந்து சேருங்க. மில்லுல உனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன்" என்றார்.

அந்த ஸ்டூலில் டெல்ஃபின் கல்யாணத்துக்கு முன்பு ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருக்கிறான். தவிட்டுத் தூசியும் மாமனார் வாயும் சேர்ந்து அவன் மேல் பறந்த காலம் அது. அங்கே மறுபடி போவதைவிட ஐஸ் பெட்டிக்குள் குடியிருக்கலாம் என்று அடிக்கடி சொல்வான். கடவுள் அதை அப்படியே காதில் வாங்கிக்கொண்டார். நேற்று சாயந்திரம் ஆரம்பித்த பனி, விடியும்போது முழங்கால் உயரத்துக்குத் தெருவில் கிடந்தது. மூன்று பேரும் பிறந்ததிலிருந்து பார்க்காத பனி. மகள் ஜனினா எழுந்ததும் ஒரு கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டு வந்து, பாலும் சர்க்கரையும் ஊற்றித் தரச் சொல்லி அழுதாள்.

விருந்து காலை பத்து மணிக்கு. நோச்சே புவேனா என்கிற கிறிஸ்துமஸ் விருந்தை நடுராத்திரியில்தான் சாப்பிட வேண்டும், வாஸ்தவம். இலோய்லோவில் நடுராத்திரி அடிக்கும்போது சிகாகோவில் காலை பத்து. யாருடைய நடுராத்திரி என்று எந்தப் பாதிரியாரும் சொல்லி வைக்கவில்லையே. ரோவெனா விடியற்காலையிலேயே பன்றித் தொடையை ஓவனில் வைத்து, மோலோ சூப்புக்கு மாவுப் பொட்டலம் மடித்து, ஜன்னலில் நட்சத்திர விளக்கு கட்டி முடித்துவிட்டாள். நாற்காலியை மட்டும் மடிக்க முடியவில்லை.

"குப்பையைப் போட்டுட்டு வந்து யோசிக்கிறேன்" என்று டெல்ஃபின் கீழே இறங்கினான். இறங்கினவன் இரண்டே நிமிஷத்தில் மூச்சிரைக்க மேலே வந்தான். ஒரு கையில் ஒரு நாற்காலி, மறு கையில் இன்னொன்று, கக்கத்தில் நீளமாக ஒரு பலகை.

"கடவுள் இருக்கார் ரோவெனா!"

"எங்க?"

"தெருவுல. பக்கத்து வீட்டு வாசல்ல யாரோ புண்ணியவான் ரெண்டு நாற்காலியும் குறுக்கால பலகையும் போட்டு வச்சிருக்கான். பனியில நனையக் கூடாதுன்னு அந்த இடத்தைச் சுத்தமா வாரி வேற வச்சிருக்கான். என்ன மனசு பாரு!"

இதில் டெல்ஃபினைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊரில் தெருவோரம் நிற்கிற சாமான் எடுக்கிறவனுக்குச் சொந்தம் என்று வந்த முதல் வாரமே மனாங் பிலார் சொல்லிக்கொடுத்திருந்தாள். மனாங் என்றால் அக்கா, மனோங் என்றால் அண்ணன். பிலார் ரோவெனாவின் கூடப் பிறந்தவள். அப்படி எடுத்து வந்த சோபாவில்தான் அவன் தினமும் தூங்குகிறான். அப்படி எடுத்து வந்த மேஜையின் மேல்தான் இப்போது சீஸ் உருண்டை சிவப்பாக உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு நாற்காலியின் மேல் பலகையைப் போட்டு, அதன் மேல் பழைய போர்வையை விரித்ததும் நான்கு பேர் உட்காரும் பெஞ்சு தயாரானது. மூன்றும் நான்கும் ஏழு. ரோவெனாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

எட்டே முக்காலுக்கு மனாங் பிலார், புருஷன், இரண்டு பையன்களோடு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் எகாய், டெல்ஃபினுக்குச் சகலை. வாங்கி மூன்றே வாரமான காரின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"உங்க தெருவுல அதிர்ஷ்டம்டா தம்பி! முழுத் தெருவும் பனி, ஒரு கார் விட இடமில்ல. நேரா உங்க பக்கத்து வீட்டு வாசல்ல மட்டும் ஒரே ஒரு இடம், துடைச்சு வச்ச மாதிரி. எனக்குன்னே யாரோ..."

எகாய் பெஞ்சைப் பார்த்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்தார். சாவி சுற்றுவது நின்றது.

"இந்த நாற்காலி எங்க கிடைச்சுது?"

"தெருவுல மனோங். பலகையோட."

"சுத்தி பனி வாரியிருந்துச்சா?"

"வாரியிருந்துச்சே! அந்த இடத்துலதானே நீங்க வண்டியை விட்டிருக்கீங்க?"

எகாய் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"அடப்பாவி! அது குப்பை இல்லடா. பனியை வாரினவன் தன் காருக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கான். நாற்காலி போட்டா அந்த இடம் அவனுது. இந்த ஊர்ல மனுஷன் பொண்டாட்டியைக்கூட விட்டுக்கொடுப்பான், பனி வாரின இடத்தை விடமாட்டான். எங்க வேலை இடத்துல ஒருத்தன் இப்படித்தான் நாற்காலியைத் தள்ளி வச்சுட்டு வண்டியை விட்டான். காலையில வந்து பாத்தா குழாய்த் தண்ணியை அடிச்சு வண்டியையே ஐஸ் கட்டியா ஆக்கிட்டாங்க. மார்ச் மாசம்தான் கதவு திறந்துச்சு."

"தெருவுல இருக்கிறது எடுக்கிறவனுக்குச் சொந்தம்னு மனாங்தானே சொன்னாங்க?"

எல்லாரும் மனாங் பிலாரைப் பார்த்தார்கள். அவள் வசிப்பது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில். கார் நிறுத்துவது நிலத்தடியில். "நான் சோபாவைச் சொன்னேன்" என்றாள்.

"நாற்காலியைத் திருப்பி வச்சுடு!" என்றாள் ரோவெனா.

"எங்க வைக்கிறது? அங்க என் கார் நிக்குது!" என்றார் எகாய்.

"அப்ப காரை எடுங்க!"

"எடுத்து எங்க விடுறது? உன் சூப்பு சட்டியிலயா?"

அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது டெல்ஃபினுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டு துத்கா கிழவர். போலந்துக்காரர். ஆறடி உயரம், அதற்கேற்ற புருவம். நான்கு மாதத்தில் அவர் டெல்ஃபினிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் 'ம்'.

முடிவு ஒன்றுதான். இன்னொரு இடத்தில் பனியை வாரி, காரை அங்கே மாற்றி, கிழவர் வெளியே வருவதற்குள் நாற்காலிகளைப் போட்டுவிட வேண்டும். டெல்ஃபின் கீழ்வீட்டு ஒஃபேலியாவின் கதவைத் தட்டினான். அவள் மெக்சிகோக்காரி. அவளும் பண்டிகைச் சமையலில் இருந்தாள். கையெல்லாம் சோள மாவு.

"பனி வார ஒரு மண்வாரி இருக்குமா?"

"கதவுக்குப் பின்னால தம்பி, எடுத்துக்கோங்க. மதியானம் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினாள்.

பனி பார்ப்பதற்குப் பஞ்சு, வாரினால் சிமெண்ட் என்பதை டெல்ஃபின் அன்றைக்குக் கற்றுக்கொண்டான். இலோய்லோவில் அவன் ஏசி மெக்கானிக். பத்து வருஷமாக ஃபிரீசரில் ஐஸ் கட்டினால் சுரண்டி எடுத்தவன். ஒரு தெருவையே சுரண்டிப் பழக்கமில்லை. எகாய் பக்கத்தில் நின்று, "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். அவருடைய பூட்ஸ் புதுசு. டெல்ஃபின் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாரி வாரி இடது பக்கமாக வீசினான். ஒன்பதரைக்கு ஒரு கார் நிற்கிற அளவுக்குத் தரை தெரிந்தது.

எகாய் காரை எடுத்தார். சக்கரம் இரண்டு தடவை சும்மா சுற்றி, மூன்றாவது தடவை பிடித்து, வண்டி பின்னால் வந்து புது இடத்தில் நின்றது. டெல்ஃபின் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஓடு, நாற்காலியைக் கொண்டா!" என்றார் எகாய்.

அவன் இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் தெரு முனையில் மஞ்சள் விளக்கு சுழன்றது. பனி தள்ளும் லாரி. தெருவையே அடைத்துக்கொண்டு வந்தது. வந்தது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தெரு நடுவில் கிடந்த பனியை எல்லாம் அழகாக ஒதுக்கிக்கொண்டு போய், காலியாகக் கிடந்த ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போனது. துத்கா கிழவர் துடைத்து வைத்திருந்த இடத்தில் இப்போது டெல்ஃபினின் மார்பு உயரத்துக்கு ஒரு மதில் நின்றது.

"கார் அங்கேயே நின்னிருந்தா இது விழுந்திருக்காது" என்றார் எகாய், ரொம்ப யோசித்து.

டெல்ஃபினுக்கு அழுகை வந்தது. கண்ணீர் உறைந்துவிடுமோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டான். அப்போதுதான் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் துத்கா கிழவர் நின்று விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிய விரலை மெதுவாகக் கீழே காட்டினார்.

டெல்ஃபின் ஒன்றரை மணி நேரமாக... இல்லை, அவனுக்கு அப்படித் தோன்றியது, அரை மணி நேரமாக இடது பக்கம் வீசிய பனி அத்தனையும் கிழவரின் வாசல் படியில் குவிந்திருந்தது. அவர் வீட்டுக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு.

"நான் போய் சூப்பு வேகுதான்னு பாக்கிறேன்" என்று எகாய் மாடியேறிவிட்டார்.

டெல்ஃபின் மண்வாரியை எடுத்துக் கதவைத் தோண்டினான். கடைசிப் பனியைத் தள்ளியதும் கதவு திறந்தது. கிழவர் சவரம் செய்து, தலை வாரி, டை கட்டி நின்றார். காரை எடுக்கக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்று டெல்ஃபின் நினைத்தான்.

"நாற்காலி ரெண்டு" என்றார் கிழவர். "பலகை ஒண்ணு. அதுக்கு நடுவுல ஒரு இடம் இருந்துச்சு."

"ஐயா, மன்னிச்சுக்கணும். எங்களுக்கு இந்தப் பனி புதுசு. தெரியாம எடுத்துட்டேன். நாற்காலி பத்திரமா மேல இருக்கு. இப்பவே..."

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. நாற்காலியைக் கீழே கொண்டுவந்தால் நான்கு பேர் நிற்க வேண்டும். கொண்டுவந்தாலும் போட இடமில்லை, மதில் நிற்கிறது. அதை இடிக்க ஒரு மணி நேரம் ஆகும். மாமனாரோ எட்டே நிமிஷத்தில் வந்துவிடுவார்.

"ஐயா, ஒண்ணு பண்ணலாமா? மேல வாங்க. உங்க நாற்காலியிலேயே உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க. சாப்பிட்டதும் உங்க இடத்தை நான் நக்கித் துடைச்சுத் தர்றேன்."

கிழவர் புருவத்தைத் தூக்கினார். "நான் யார் வீட்டுக்கும் போறதில்ல."

"தயவுபண்ணி வாங்க ஐயா!"

"என்ன சமையல்?"

"பன்றித் தொடை, மோலோ சூப்பு, நூடுல்ஸ், சீஸ், கேரமல் புட்டிங்..."

"நீ இவ்வளவு கெஞ்சுறே" என்றார் கிழவர், ஏற்கெனவே படியிறங்கியபடி.

பத்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது எல்லாரும் மேஜையைச் சுற்றி அமர்ந்தார்கள். பலகைப் பெஞ்சில் பையன்கள் இருவர், எகாய், ஓரத்தில் துத்கா கிழவர். டெல்ஃபினுக்கு நாற்காலி இல்லை. அவன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து ரோவெனா பின்னால் நிறுத்தி வைத்தாள். போனைச் சீஸ் உருண்டையின் மேல் சாய்த்து வைத்தார்கள். அது மணியடித்தது.

திரையில் இலோய்லோ மொத்தமும் வந்தது. சித்தி, மாமா, பக்கத்து வீடு, ஒரு நாய். நடுவில் பப்பா. வெடிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"டெல்ஃபின் ஏன் நிக்கிறான்? நாற்காலி இல்லையா?"

"பரிமாறுறார் பப்பா!" என்றாள் ரோவெனா.

"அந்த ஓரத்துல உக்காந்திருக்கிற வெள்ளைக்காரர் யாரு?"

கிழவர் தன் பாட்டுக்குச் சூப்பை உறிஞ்சினார். ரோவெனா நல்ல பெண்தான், பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அந்த மில்லும் அந்த ஸ்டூலும் அவள் கண் முன்னால் வந்துபோயிருக்க வேண்டும்.

"எங்க வீட்டு ஓனர் பப்பா! வருஷா வருஷம் எங்கேயும் போகமாட்டாராம். எங்க வீட்ல சாப்பிடறேன்னு வந்துட்டார்."

இலோய்லோ ஒரே குரலில் 'ஓ' என்றது. வீட்டுக்காரரே குடித்தனக்காரன் வீட்டில் கை நனைக்கிறார்! பப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, இங்கிலீஷில் நேரடியாக அவரைக் கூப்பிட்டார்.

"ஐயா! உங்க வீட்ல குடியிருக்கிற என் மருமகன் எப்படி? உண்மையைச் சொல்லணும்."

டெல்ஃபினின் நான்கு மாத வாழ்க்கையும் இனி வரப்போகிற வாழ்க்கையும் அந்த நிமிஷம் துத்கா கிழவரின் வாயில் இருந்தது. அந்த வாய் நிறைய பன்றித் தொடை இருந்தது. கிழவர் நிதானமாக மென்று விழுங்கினார். திரையைப் பார்த்தார். ரோவெனாவைப் பார்த்தார். பிறகு காலித் தட்டை டெல்ஃபின் பக்கம் நீட்டினார். டெல்ஃபின் இரண்டு பெரிய துண்டு வைத்தான். தட்டு நகரவில்லை. மூன்றாவது வைத்தான். தட்டு திரும்பிப் போனது.

"இந்த மாதிரி ஒரு குடித்தனக்காரனை நான் பாத்ததில்ல" என்றார் கிழவர். "காலங்கார்த்தால எழுந்து என் வாசல்ல பனி வாரினான். நான் கேக்கவே இல்ல. கெஞ்சிக் கூப்பிட்டு பந்தியில உக்கார வச்சான். இவனை நீங்க திரும்பக் கேட்டாலும் நான் குடுக்கமாட்டேன்."

பப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். மகள் கன்னம் உப்பியிருப்பதையும் பேத்தி வாயெல்லாம் புட்டிங் ஈஷியிருப்பதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிடா டெல்ஃபின்" என்றார் கடைசியில். "அந்த ஸ்டூலுக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன். நீ அங்கேயே இரு. ஓனருக்கு இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்து."

டெல்ஃபின் சந்தோஷத்தில் கிழவரின் கிண்ணம் வழிய வழிய ஊற்றினான். கிழவர் அதையும் குடித்தார். நூடுல்ஸில் இரண்டு தட்டு, புட்டிங்கில் பாதி. போன் அடங்கிய பிறகும் எகாயோடு சீட்டு விளையாடி இரண்டு ஆட்டம் ஜெயித்தார். ஜனினாவுக்கு ஒரு போலந்துப் பாட்டு கற்றுக்கொடுத்தார். நான்கு மாதமாக 'ம்' சொன்ன மனுஷனா இது என்று டெல்ஃபினுக்கு ஆச்சரியமாக இருந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு மீதிப் பன்றித் தொடையை ரோவெனா காகிதத்தில் சுற்றிக் கொடுக்க, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சொன்ன சொல் தவறக்கூடாது என்று டெல்ஃபின் உடனே கீழே இறங்கினான். முக்கால் மணி நேரம் மதிலை இடித்தான். கையில் நான்கு கொப்புளம். தரை பளிச்சென்று தெரிந்ததும் நாற்காலிகளைப் பழையபடி போட்டு, பலகையைக் குறுக்கே வைத்து, போய்க் கதவைத் தட்டினான்.

"ஐயா, இடம் தயார். உங்க காரைக் கொண்டாந்து விடுங்க. நான் கை காட்டுறேன்."

"அவசரமில்ல" என்று கொட்டாவி விட்டார் கிழவர். "சாப்பிட்டது கண்ணைச் சுத்துது. நீ போ."

டெல்ஃபின் போகவில்லை. தன்னைப் போல இன்னொரு விவரம் தெரியாதவன் வந்து நாற்காலியைத் தூக்கிவிட்டால்? இன்றைக்கு இவ்வளவு நல்லது செய்த மனுஷனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? பலகைக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றுவிட்டான். மூக்கு மரத்தது. பிறகு காது மரத்தது. பிறகு எது மரத்தது என்றே தெரியவில்லை.

மண்வாரியைத் தேடிக்கொண்டு ஒஃபேலியா வெளியே வந்தபோது அவன் பாதி வெள்ளையாகியிருந்தான்.

"அய்யய்யோ, இங்க என்ன பண்றீங்க தம்பி?"

"துத்கா ஐயா கார் கொண்டு வர்ற வரைக்கும் இந்த இடத்தைப் பாத்துக்கிறேன். காலையில தெரியாம இந்த நாற்காலியை எடுத்துட்டேன். பாவம், மனசு நொந்திருப்பாரு. கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன்."

ஒஃபேலியா நாற்காலிகளைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து, தெருவே கேட்கும்படி சிரித்தாள்.

"அவருக்கு ஏது தம்பி காரு? போன வருஷம் இந்த நாற்காலியைத் தூக்கினது என் புருஷன், அதுக்கு முந்தின வருஷம் எதிர்வீட்டு வியட்நாம்காரங்க. தெருவுக்கு யார் புதுசா குடி வந்தாலும், அந்த வருஷம் கிழவருக்குக் கிறிஸ்துமஸ் விருந்து அவங்க வீட்லதான்!"